ஃப்ரிட்ஜில் இரண்டு கூடுகள்

மெத்ஹத் அப்பாவாக இருப்பதற்கு நீதிமன்றம் வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு, கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் இருக்கும் இளைஞர் மையத்தில். மற்ற நேரமெல்லாம் அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஆள், மொட்டைமாடி அறையில் தனியாகக் குடியிருக்கிற ஆள், காலையில் ரொட்டி வரிசையில் நிற்கிற ஆள். அப்பா இல்லை.

இளைஞர் மையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சிமெண்ட் மைதானம், ஒரு தகரக் கொட்டகை, கால் ஆடுகிற பிளாஸ்டிக் மேசைகள். மைதானத்தில் பையன்கள் பந்து உதைப்பார்கள். கொட்டகைக்குக் கீழே விவாகரத்தான அப்பாக்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் மதாம் அஃபாஃப் என்கிற அம்மாள் நாற்காலி போட்டு, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கத்தரிக்காயின் விலையைப் பற்றி யாரிடமாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

அப்பாக்கள் வெறுங்கையோடு வருவதில்லை. சிப்ஸ் பொட்டலம், பொம்மை, செருப்பு, கேக் என்று ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாரம் முழுக்கக் கொடுக்க வேண்டியதை மூன்று மணி நேரத்தில் கொடுத்துவிடப் பார்க்கிற அவசரம் எல்லோர் முகத்திலும் தெரியும். பார்க்கச் சகிக்காது.

மெத்ஹத்துக்கு இரண்டு பிள்ளைகள். ஏழு வயது முஆஸ் வாசலிலிருந்தே ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொள்வான். பதினோரு வயது ரனீம் வரமாட்டாள். அவளுடைய அம்மா இனாஸ் கொட்டகையின் அந்தக் கோடியில் ஒரு மேசையில் ஃபிளாஸ்கோடு உட்காருவாள், ரனீம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாடப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொள்வாள். முதுகைக் காட்டக் கூடாது என்று எந்த நீதிமன்றமும் உத்தரவு போட முடியாது.

தப்பு அவன் பேரில்தான். வீட்டைவிட்டு வந்த அன்று, படியில் நின்றுகொண்டு, "தினமும் சாயங்காலம் போன் பண்றேன் செல்லம்" என்று ரனீமிடம் சொல்லியிருந்தான். போன் இனாஸுடையது. ஒவ்வொரு தடவையும் முதலில் எடுப்பது இனாஸ், இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை. கொஞ்ச நாள் பண்ணினான். பிறகு ஒரு நாள் விட்டுவிட்டு ஒரு நாள். பிறகு நிறுத்திவிட்டான். ரனீம் ரொம்ப நாள் வரைக்கும் சாயங்காலமானால் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதை முஆஸ்தான் ஒரு வெள்ளிக்கிழமை சிப்ஸ் தின்றுகொண்டே போகிற போக்கில் சொன்னான். மெத்ஹத் தன் பங்கு சிப்ஸையும் அவன் பக்கம் தள்ளிவிட்டான்.

அவன் அப்படித்தான். செய்கிறேன் என்பான், மனசார நினைத்துத்தான் சொல்வான், பிறகு கூச்சமோ சோம்பலோ வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டின் சமையலறைக் குழாய் வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. சரி பண்ணுகிறேன், சரி பண்ணுகிறேன் என்று சொல்லியே குடித்தனத்தை ஓட்டிவிட்டு, சரி பண்ணாமலே வெளியே வந்துவிட்டான்.

வசந்த காலத்தில் கெய்ரோவின் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புழுப் பைத்தியம் பிடிக்கும். பட்டுப்புழுவை ஷூ டப்பாவில் போட்டு, முசுக்கட்டை இலை போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்து வளர்ப்பார்கள். அந்த வருஷம் முஆஸும் பள்ளி வாசலில் மூன்று புழுக்கள் வாங்கினான். இனாஸ் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதனால் வெள்ளிக்கிழமை டப்பா மெத்ஹத்தின் மேசைக்கு வந்தது.

"பாபா, இதை நீங்க வச்சுக்குங்க. மாமா வீட்டுக்குள்ள விடமாட்டேங்கறாங்க." அங்கே பிள்ளைகள் அம்மாவை அழைப்பது அப்படித்தான். "இது பாஷா. குண்டா இருக்குல்ல? இது மக்ரோனா. இதுக்குப் பேர் அக்கா வைக்கணும், அவ வைக்கமாட்டேங்கறா."

பக்கத்து மேசை தாரிக் டப்பாவை எட்டிப் பார்த்தான். அவனும் வெள்ளிக்கிழமை அப்பாதான். "என்ன உஸ்தாத், புழுவா? நான் ரிமோட் கார் வாங்கிட்டு வந்தும் என் பையன் என்னை அங்கிள்னு கூப்பிடறான். நீ புழுவை வச்சு என்ன பண்ணப் போற?"

"இது வண்ணத்துப்பூச்சியாகும்" என்றான் மெத்ஹத். சத்தமாகத்தான் சொன்னான். அந்தக் கோடியிலிருந்த முதுகுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னான். "கூடு கட்டும். அதைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். அதை நீங்க ரெண்டு பேரும் கண்ணால பார்க்கப் போறீங்க. நான் காட்டறேன்."

முதுகு அசையவில்லை. ஆனால் புத்தகத்தின் பக்கமும் புரளவில்லை என்பதைக் கவனித்தான்.

புழு வளர்ப்பதைச் சின்ன வேலை என்று நினைத்திருந்தான். முசுக்கட்டை இலையைத் தவிர வேறெதையும் அவை தொடாது. கைக்கெட்டுகிற கிளைகளையெல்லாம் ஊர்ப் பிள்ளைகள் ஏற்கனவே மொட்டையடித்திருந்தார்கள். கடைக்குப் போகிற வழியில் ஒரு கட்டடத்தின் முன்னால் பெரிய மரம் இருந்தது. அதன் மேல்கிளையைப் பிடிக்க, நாற்பத்து மூன்று வயது மனிதன், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, யாருடைய காரின் மேலோ ஏறி நின்றான்.

"ஏய்! இறங்குய்யா!" வாயில்காப்போன் துடைப்பத்தோடு ஓடிவந்தான். "சின்னப் பசங்கதான் இப்படிப் பண்ணுதுன்னு பார்த்தா! வெட்கமா இல்ல?"

"பிள்ளைங்களுக்கு... புழுவுக்கு."

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா, தாராளமா ஏறட்டும். நீ ஏறினா காரு நசுங்கும்."

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர முடியாது என்பதை ஒரு வாயில்காப்போனிடம் எப்படிச் சொல்வது? இறங்கி, மன்னிப்புக் கேட்டு, கையில் கிடைத்த இலைகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனான். மறுநாள் அந்த ஆளே ஒரு பை நிறைய இலை பறித்து வைத்திருந்தான். "எடுத்துட்டுப் போ. இன்னொரு தடவை கார் மேல பார்த்தேன், போலீஸ்தான்" என்றான்.

இலைகளைத் துடைத்து, ஈரமில்லாமல் பையில் கட்டி, ஃப்ரிட்ஜில் வைப்பான். ஈர இலை தின்றால் புழு செத்துவிடும் என்று கடைக்கு வரும் ஒரு வாத்தியாரம்மா சொல்லியிருந்தாள். அந்தச் சின்ன ஃப்ரிட்ஜில் அவிச்ச மொச்சைக் கிண்ணம், ஒரு துண்டு வெள்ளைச் சீஸ், முசுக்கட்டை இலை. காலையில் எழுந்ததும் முதலில் டப்பா, பிறகுதான் டீ. கடையிலிருந்து வந்ததும் முதலில் டப்பா, பிறகுதான் செருப்பைக் கழற்றுவது. அறையில் இன்னொரு உயிர் இருந்து, அது இவனை நம்பிச் சாப்பிட்டு ரொம்பக் காலமாகியிருந்தது. புழுக்களோடு பேசவும் ஆரம்பித்துவிட்டான். "பாஷா, நீ தின்னது போதும், மக்ரோனாவுக்கு விடு" என்று அதட்டுவான். சொல்லிவிட்டு, யாராவது கேட்டிருப்பார்களோ என்று மாடிக் கதவைப் பார்ப்பான். கேட்க யாரும் இல்லை.

ஒவ்வொரு வெள்ளியும் டப்பா இளைஞர் மையத்துக்குப் போய் வந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவான், மூடியில் போட்ட ஓட்டைகளை யாராவது பார்த்தால் பெருமையாகத் திறந்து காட்டுவான். பிற அப்பாக்களின் பிள்ளைகளும் வந்து மொய்த்தார்கள். மதாம் அஃபாஃப் கூட ஒருநாள் எழுந்து வந்து பார்த்து, "அல்லாஹ்வே, என் மருமக மாதிரியே திங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். புழுக்கள் விரல் பருமனாகி, தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி அப்படியும் இப்படியும் ஆட்டியபோது, ரனீம் எழுந்து தண்ணீர்க் குழாய்க்குப் போகிறவள்போலப் போய், சுற்றிக்கொண்டு இவர்கள் மேசையோரமாக வந்தாள். டப்பாவின் மூலையில் பாஷா தன்னைச் சுற்றி வெள்ளை நூலைப் பின்னிக்கொண்டிருந்தது. நூலுக்குள்ளே அதன் தலை போய்ப் போய் வருவது இன்னும் தெரிந்தது.

அவள் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மெத்ஹத் மூச்சுவிடவும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்ப வெளிய வரும்?" தம்பியைத்தான் கேட்டாள்.

"பாபாவைக் கேளு" என்றான் முஆஸ்.

அவள் கேட்கவில்லை. போய்விட்டாள். மெத்ஹத் அவள் முதுகைப் பார்த்து, "நீ பார்ப்ப ரனீம். சத்தியமா. வெளிய வரும்போது நீ பார்ப்ப" என்றான்.

பாஷாவின் கூடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலைத் தொழுகை முடிந்த நேரத்தில் திறந்தது. டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கூட்டின் நுனி ஈரமாகிப் பழுப்பாகியிருந்தது. அதற்குள்ளிருந்து ஏதோ முட்டியது. ஒரு தலை வந்தது, சீப்புப் பல் போன்ற இரண்டு உணர்கொம்புகளோடு. பிறகு கால்கள். பிறகு நனைந்து சுருங்கின ஒரு வெள்ளை உடம்பு தன்னைத்தானே இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, டப்பாவின் ஓரத்தில் ஏறி நின்று, கசங்கின இறக்கைகளை மெல்ல மெல்ல விரித்தது. மெத்ஹத்துக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷமா, என்ன எழவோ, அவனுக்கே தெரியவில்லை.

போனை எடுத்தான். இனாஸின் எண்ணில் விரலை வைத்தான். இந்நேரத்துக்குக் கூப்பிட்டால் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். "யாராவது செத்துட்டாங்களா?" என்பாள். புழு என்று சொன்னால் அதற்கு மேல் சொல்வாள். விரலை எடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை நேரிலேயே காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பின்னால் தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது.

வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்ததும் முஆஸ் மூக்கைச் சுளித்தான். "இதுவா வண்ணத்துப்பூச்சி? பஞ்சு மாதிரி இருக்கு. கலரே இல்ல. பறக்கச் சொல்லுங்க."

"இது பறக்காதுடா. இந்த ஜாதி பறக்காது."

பாஷா பறக்கவில்லை. ஒரே இடத்தில் நின்று இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டமடித்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்படித்தான். ஆண் பூச்சி ஜோடி தேடினால் அப்படிச் செய்யும் என்று வாத்தியாரம்மா சொல்லியிருந்தாள். டப்பாவிலோ இரண்டு கூடுகளும் இன்னும் மூடிக்கிடந்தன.

ரனீம் வந்து நின்றாள். ஓட்டை விழுந்த வெற்றுக் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எப்ப வந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை. விடியக்காலையில."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"போன் பண்ணியிருக்கலாமே."

அவ்வளவுதான். கூட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

இந்த இடத்தில் ஒரு மனிதனுக்கு என்ன புரிந்திருக்க வேண்டும்? பிள்ளை வாய்விட்டுச் சொல்லிவிட்டது. போன் பண்ணு என்று சொல்லிவிட்டது. மெத்ஹத்துக்குப் புரிந்தது வேறு. அடுத்தது வெள்ளிக்கிழமைதான் வெளியே வர வேண்டும் என்று புரிந்துகொண்டான். வாரத்தில் மூன்று மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கி அடக்கிப் பழகிப்போன மூளை வேறு எப்படி வேலை செய்யும்? அன்று வீட்டுக்குப் போனதும் மிச்சமிருந்த இரண்டு கூடுகளையும் ஒரு டீ டம்ளரில் போட்டு, முசுக்கட்டை இலை இருந்த இடத்தில், ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டான். குளிரில் பூச்சி தூங்கும். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்து வெயிலில் வைத்தால் எழுந்து வரும். அவனுக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

வெளியே டப்பாவில் பாஷா படபடத்துக்கொண்டே இருந்தது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் அட்டையில் இறக்கை உரசுகிற சத்தம் கேட்கும். சாப்பிட அதற்கு வாய் இல்லை. அதனிடம் சொல்ல இவனுக்கும் ஒன்றும் இல்லை. அடுத்த வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது சத்தம் நின்றிருந்தது. மாடியில் துளசி வளர்க்கிற நெய் டின்னில் சின்னக் குழி தோண்டிப் புதைத்தான். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அது தேடிய ஜோடி ஒருவேளை அதற்குள்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தான்.

அந்த வெள்ளி கூடுகளை எடுத்து வெயிலில் காயவைத்து, டப்பாவில் போட்டுக் கொண்டுபோனான். பாஷா எங்கே என்று முஆஸ் கேட்டபோது, மாடியில் இருக்கிறது என்று மழுப்பிவிட்டான். மூன்று மணி நேரமும் மூவரும் பார்த்தார்கள், ரனீம் தள்ளி நின்றுதான் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. "அடுத்த வெள்ளி" என்றான். திரும்ப ஃப்ரிட்ஜ்.

அடுத்த வெள்ளிக்கு முந்தின நாள், கடையில் யாரும் இல்லாத நேரம், லென்ஸ் பார்க்கிற விளக்குக்கு முன்னால் கூடுகளைத் தூக்கிப் பிடித்தான். ஒன்றில் உள்ளே மங்கலாக ஏதோ நெளிந்தது. இன்னொன்றில் கறுப்பாக ஒரு கட்டி, அசையவில்லை. குலுக்கினால் உலர்ந்த பட்டாணிபோலச் சத்தம் வந்தது. அது மக்ரோனா. கூடு கட்டினபோது முஆஸ் பேனாவால் புள்ளி வைத்திருந்தான்.

மறுநாள் கிளம்பும்போது வெயிலில் வைக்க மறந்து, ஃப்ரிட்ஜிலிருந்த டம்ளரோடு அப்படியே டப்பாவில் வைத்துக் கொண்டுபோய்விட்டான். வேண்டுமென்றே மறந்தானோ என்னவோ. மேசையில் டப்பாவைத் திறந்ததும், அன்றைக்கு ரனீம் நேராக வந்து, பேரில்லாத கூட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் திடுக்கிட்டாள்.

"இது ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?"

மெத்ஹத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான், திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தேன்."

"ஃப்ரிட்ஜ்லயா?" முஆஸ் வாயைப் பிளந்தான். "சீஸ் மாதிரியா?"

"வெள்ளிக்கிழமை வரணும்னு. நீங்க இருக்கும்போது வரணும்னு. அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்ல." குரல் இறங்கிவிட்டது. "மக்ரோனா செத்துப்போச்சுடா. குளிர் தாங்கல. தப்பு என்னோடதுதான்."

முஆஸ் புள்ளி வைத்த கூட்டை எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்தான், உதடு பிதுங்கியது. ரனீம் அழவில்லை. கையிலிருந்ததை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்தி, வாயருகே கொண்டுபோய், சூடாக ஊதினாள். ஊதிவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கு வெள்ளிக்கிழமைன்னா என்னன்னு தெரியுமா?"

அவனுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம்போல இருந்தது. அவளோ பொத்திய கையோடு நேரே அம்மாவிடம் நடந்தாள். கொட்டகை சின்னது, எல்லாம் கேட்டது.

"வீட்டுக்குள்ள புழு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"இது புழு இல்ல மாமா. புழுவா இருந்தது."

"அப்பா வச்சிருக்காருல்ல. அங்கயே இருக்கட்டும்."

"அவர் ஃப்ரிட்ஜ்ல வைக்கிறாரு."

இனாஸ் தலையைத் திருப்பி மெத்ஹத்தைப் பார்த்தாள். சிரிப்பு வருகிற பார்வையா, கோபமா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. எழுந்து வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள், உட்காரவில்லை. பிரிந்த பிறகு வக்கீல் இல்லாமல் இருவரும் நேருக்கு நேர் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ஃப்ரிட்ஜ்லயா வச்சீங்க?"

"ம்."

"ஏன் இப்படி?" என்றவள், அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள். "பால்கனியில வச்சுக்கட்டும். சாப்பிட என்ன போடணும்?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா விட்டாப் போதும்."

ரனீம் டப்பாவை எடுத்துக்கொண்டாள். கிளம்புகிற நேரத்தில் மெத்ஹத் கெஞ்சுவதுபோலக் கேட்டான்: "சாயங்காலம் நான் போன் பண்ணட்டுமா? எப்படி இருக்குன்னு கேக்க?"

"வேண்டாம்" என்றாள். "நீங்க சொல்லாதீங்க. சொன்னா அப்புறம் பண்ணமாட்டீங்க. வந்துச்சுன்னா நானே கூப்பிடறேன்."

அந்த வாரம் அறைக்குள் நுழையவே பிடிக்கவில்லை. டப்பா இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. வாயில்காப்போன் இலைப் பையோடு கூப்பிட்டான். "வேண்டாம்ப்பா, பிள்ளைங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தான். போனை ராத்திரியில் தலைமாட்டில் சார்ஜரோடு வைத்துக்கொண்டான். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான். போன் அடித்தது. லென்ஸ் எப்போது தயாராகும் என்று கேட்டார்கள், இன்டர்நெட் வேண்டுமா என்று கேட்டார்கள், ஒருவன் தவறான எண் என்று திட்டிவிட்டு வைத்தான். மகள் பண்ணவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை சாயங்காலங்களில் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்பதை அந்த வாரம் அவன் தன் மடியில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. செத்திருக்கும் என்று நினைத்தான். செத்ததைச் சொல்லப் பிடிக்காமல்தான் கூப்பிடவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டான்.

செவ்வாய் விடியற்காலை, தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இனாஸின் எண். அந்த எண்ணிலிருந்து நல்ல சேதி எதுவும் வந்ததில்லை.

"ஹலோ? இனாஸ்?"

"பாபா." கிசுகிசுப்பாக ஒரு குரல். "நான்தான். சத்தம் போடாதீங்க, எல்லாரும் தூங்கறாங்க. வருது."

மெத்ஹத் அப்படியே விரிப்பின்மேல் உட்கார்ந்தான்.

"முனையில ஈரமாச்சா?"

"ஆச்சு. ஓட்டை பெருசாகுது. தலை தெரியுது. கொம்பு மாதிரி ரெண்டு இருக்கு. ஐயோ, மாட்டிக்கிச்சு. இழுத்து விடட்டா?"

"தொடாத. தொடக் கூடாது. அதுவே வரும்."

"வரமாட்டேங்குது பாபா."

"வரும். சும்மா பார்த்துக்கிட்டு மட்டும் இரு."

போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. வீடியோவைப் போடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் கண்ணை எடுத்து எதையாவது அமுக்கிக்கொண்டிருப்பாள், அதற்குள் நடந்து முடிந்துவிடும். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு, அந்தப் பால்கனியை நினைத்துக்கொண்டான்.

"வந்துருச்சு!" கிசுகிசுப்பை மறந்து கத்திவிட்டாள். "முழுசா வந்துருச்சு. வெள்ளையா இருக்கு. வயிறு பெருசா இருக்கு. அடிச்சுக்கல, சும்மா உட்கார்ந்திருக்கு."

"அது பொம்பளைப் பூச்சி."

"அப்ப பாஷா?"

"பாஷா போயிருச்சு கண்ணு" என்றான்.

டப்பாவை அவள் நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, கணக்கு டீச்சர்போலச் சொன்னாள்: "அன்னிக்கு நீங்க தனியா பார்த்தீங்க. இன்னிக்கு நான் தனியா பார்த்துட்டேன். ரெண்டும் சரியாப் போச்சு."

"சரியாப் போச்சு" என்றான் மெத்ஹத்.

போனை எங்கேயோ வைத்தாள். வைத்தவள் துண்டிக்கவில்லை. பூச்சியைப் பார்க்கிற அவசரத்தில் மறந்துவிட்டாள். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. கீழே தெருவில் காஸ் சிலிண்டர்க்காரன் இரும்பைத் தட்டிக்கொண்டு போனான். அந்த வீட்டில் மெத்ஹத் பத்து வருஷம் கேட்ட அதே சத்தம். மெத்ஹத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். வைத்துவிட வேண்டும், இது ஒட்டுக்கேட்பது, தப்பு. வைக்கவில்லை.

பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய கதவுதான். பழக்கத்தில் காது குழாயின் சொட்டைத் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. சொட்டு இல்லை. யாரோ சரி பண்ணிவிட்டிருந்தார்கள்.

முஆஸ் எழுந்துவந்துவிட்டான். "என்னை ஏன் எழுப்பல? என் புழு! முதல்ல என்கிட்டதான் சொல்லணும்!"

"முதல்ல பாபாகிட்ட சொன்னேன்" என்றாள் ரனீம். "அப்புறந்தான் நீ."

மெத்ஹத் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

செருப்புச் சத்தம் வந்தது, இனாஸுடையது. "விடிஞ்சும் விடியாம என்னடி கூத்து? வேன் வந்துரும், முகம் கழுவுங்க. என் போன் இங்க என்ன பண்ணுது?" போனை எடுத்தாள். திரையில் எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு மெதுவாக, "லைன்லயா இருக்கீங்க?" என்றாள்.

"இருக்கேன்."

துண்டித்துவிடுவாள் என்று காத்திருந்தான். போனைத் திரும்பவும் அதே இடத்தில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

டம்ளரில் கரண்டி சுற்றியது. முட்டை பொரிந்தது. முஆஸுக்கு ஒற்றைக் காலுறை கிடைக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் பார் என்று இனாஸ் கத்தினாள், அவன் அங்கே இல்லை என்று கத்தினான், அது அங்கேதான் இருந்தது. கீழே வேன் ஹார்ன் அடித்தது. பைகள், படி இறங்குகிற ஓட்டம், பிள்ளைகளை வேன்வரை விட இனாஸும் போனாள். கதவு சாத்தப்பட்டது.

பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. பால்கனியில் டப்பாவும் பக்கத்தில் போனும் கிடந்தன. அவள் படியேறித் திரும்பி வரும்வரை அங்கே அந்தப் பூச்சியும் மெத்ஹத்தும் மட்டும்தான் இருந்தார்கள். கடைக்கு நேரமாகிவிட்டது. அவன் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.